எதைத் தின்றாலும் இருபது நிமிடம்

ஜூன் 5, திங்கள்

தொலைபேசி நிலையத்தில் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலையும் சால்வையும் கொடுத்தார்கள். நானாக எடுத்துக்கொண்டது இந்தப் பதிவேடு ஒன்றைத்தான். தேதி, நேரம், விவரம் என்று கோடு போட்டிருக்கும். முப்பத்தைந்து வருடம் இப்படித்தான் எழுதினேன், வேறு மாதிரி எழுத வராது. ஐந்து வருடமாக எழுத ஒன்றும் இல்லாமல் பரணில் கிடந்தது. இன்று விஷயம் வந்துவிட்டது. என் பல் போகப் போகிறது.

ஒரு மாதமாகவே கீழ்வரிசையில் கூச்சம். மகள் பிருந்தா பிடிவாதமாகப் பெருந்துறை ரோட்டில் இருக்கும் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். நம் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்களே என்று கேட்டேன். "இவரு பொறுமையானவருப்பா" என்றாள். அவள் கால்நடை மருத்துவர். மாட்டுப் பல்லாக இருந்தாலும் பல்லைப் பற்றித் தெரிந்தவள் என்பதால் சரி என்றேன்.

டாக்டர் பெயர் முகிலன். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டு, நாற்பது நிமிடம் பார்த்தார். அந்தப் பையனுக்குப் பொழுது போகட்டுமே என்று, பவானி வெள்ளத்தில் கேபிள் அறுந்தபோது நான் ஒற்றை ஆளாக ஈரோட்டுக்கும் மேட்டூருக்கும் இணைப்புக் கொடுத்த கதையைத் தொடங்கினேன். 'ஆ' என்பதற்கு மேல் போகவில்லை. அந்தக் கதையை நான் தொடங்கி முடிக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

"சார், உங்க வாயில எச்சில் ரொம்பக் குறைவுங்க" என்றார் டாக்டர். "பிரஷர் மாத்திரையால கொஞ்சம். மீதி..."

நிறுத்திவிட்டுப் பிருந்தாவைப் பார்த்தார். பிருந்தா சுவரில் இருந்த கடைவாய்ப் பல் படத்தைப் பார்த்தாள்.

"மீதி, வாய் காயறதுனாலங்க."

பிறகு விளக்கினார். நாம் சாப்பிட்டதும் வாயில் இருக்கும் கிருமிகளும் சாப்பிடுகின்றன. சாப்பிட்டு அமிலத்தை உண்டாக்குகின்றன, அமிலம் பல்லை அரிக்கிறது. அதைக் கழுவித் தள்ளுவது எச்சில்தான். எச்சில் ஊற வேண்டும் என்றால் எதையாவது மெல்ல வேண்டும். சர்க்கரை போட்ட சூயிங்கம் மென்றால் கிருமிக்கு விருந்து, சர்க்கரை இல்லாதது என்றால் கிருமிக்குப் பட்டினி. ஆகவே எதைத் தின்றாலும், தின்று முடித்ததும் இருபது நிமிடம் சர்க்கரை இல்லாத சூயிங்கம். இரண்டு வேளை பல் துலக்குவதை விடக்கூடாது, அதற்கு இது பதில் அல்ல. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் பல் தப்பும். இல்லாவிட்டால் கீழ்வரிசையில் நான்கைப் பிடுங்க வேண்டியதுதான்.

சூயிங்கமாம்! சென்னியப்பன் சூயிங்கம் மெல்வதாவது! வாயில் எதையாவது வைத்துக்கொண்டு பேசுகிறவனை நான் மனிதனாகவே மதித்ததில்லை. வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் இணைப்புப் போடும் பெண்களின் மேற்பார்வையாளராக இருந்தபோது, ஓர் ஏலக்காய்க்காக ஒருத்திக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். பிருந்தா ஆறு வயதில் பபிள்கம்மை மென்றுகொண்டே அவள் மாமாவுக்கு வணக்கம் சொல்லப் போனாள். நடுவில் புகுந்து உள்ளங்கையை நீட்டி "துப்பு" என்றேன். துப்பிய பிறகுதான் வணக்கம்.

இப்போது பல்லும் வேண்டும், கொள்கையும் வேண்டும். ஒரே வழிதான் இருக்கிறது. மெல்லுவேன், மெல்லும்போது ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வரும் வழியில் பிருந்தாவிடம் இதை அறிவித்தேன். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும்ப்பா" என்றாள். வீடு வரும்வரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினாள்.

ஜூன் 6, செவ்வாய்

08.10 – 08.30: இட்லிக்குப் பின். புதினா வாசனை. தாடை வலிக்கிறது.

நான் மென்றுகொண்டிருந்தபோது தெய்வானை வந்து எதிரில் உட்கார்ந்தாள். கல்யாணம் ஆகி முப்பத்து நான்கு வருடத்தில் சாப்பிட்டு முடித்த கையோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்ததில்லை.

"ஏனுங், வாஷிங் மெஷின் குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது. ஆளக் கூப்புடட்டுங்களா?"

குழாய்களைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. மணியைப் பார்த்தேன். எட்டு பதினெட்டு. எட்டரைக்கு நான் வாயைத் திறந்தபோது அவள் போன் செய்து முடித்து, ஆள் கிளம்பியும் விட்டான்.

ஜூன் 7, புதன்

08.05 – 08.25, 13.40 – 14.00, 20.15 – 20.35. விசேஷம் இல்லை. குழாய் ஒழுகவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

எங்கள் அடுக்ககத்தில் இருபத்து நான்கு வீடுகள். சங்கத் தலைவர் நான், ஒன்பது வருடமாக. போட்டியே கிடையாது. கூட்டம் என்றால் பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிவரை நடக்கும், தலைமை உரை மட்டும் இரண்டு மணிநேரம். உறுப்பினர்கள் ஆடாமல் அசையாமல் கேட்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதும் உண்டு.

இன்று கூட்டம் தொடங்கும் நேரத்தில் எதிர்வீட்டு வசந்தாமணி, அவர்தான் செயலாளர், ஒரு தட்டில் மைசூர்பாகோடு வந்தார். "அண்ணா, மொதல்ல நீங்க எடுத்துக்கோங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். மைசூர்பாகு என்றால் சர்க்கரை. சர்க்கரை என்றால் இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்தில் பதினொரு தீர்மானங்கள் நிறைவேறின. லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடிக் கம்பி, எல்லாம் நான் வருடக்கணக்காக ஆழமாக விவாதித்துவந்த விஷயங்கள். பத்து இருபத்திரண்டுக்கு நான் எழுந்து "மதிப்பிற்குரிய" என்றபோது கூடத்தில் நாற்காலிகள்தான் இருந்தன.

தலைவரின் உடல்நலம் கருதிக் கூட்டத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். நல்ல ஜனங்கள்.

ஜூன் 15, வியாழன்

என் மேல் எல்லோருக்கும் இவ்வளவு பாசம் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று. காலையில் வாசல் காவலாளிக்கு அந்தக் காலத்து எஸ்.டி.டி. பூத்துகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரர் கடலை கொடுத்தார். மாலையில் இஸ்திரி போடும் அம்மா, நான் "அந்தக் காலத்துல" என்றதுமே ஒரு கொய்யாத் துண்டை நீட்டினார்.

ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். இன்று மொத்தம் ஒன்பது சூயிங்கம்.

ஜூன் 19, திங்கள்

எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. வாய் ஈரமாக இருக்கிறது, கூச்சம் பாதி குறைந்துவிட்டது. டாக்டர் கெட்டிக்காரர்.

வசந்தாமணி பிருந்தாவிடம் கேட்டது காதில் விழுந்தது. "ஏங்கண்ணு, இந்தச் சூயிங்கத்த எங்க டாமிக்கும் ஒண்ணு குடுத்துப் பாக்கலாமா? ஓயாம கொலைக்குது."

"ஐயோ, வேண்டாங்க்கா. இதுல சைலிட்டால்னு ஒரு இனிப்பு இருக்குது. மனுசங்களுக்கு நல்லது, நாய்க்கு வெஷம்."

"அப்ப டாமிக்கு வழியே இல்லியா?" என்று வசந்தாமணி பெருமூச்சு விட, இரண்டு பேரும் சிரித்தார்கள். நாய் விஷயத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 22, வியாழன்

வயிறு சரியில்லை.

ஜூன் 23, வெள்ளி

இன்னும் சரியில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இந்த இனிப்புகள் அளவுக்கு மீறினால் வயிற்றைக் கலக்கும், ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் வேண்டாம் என்றார். "தெரியுமுங்க சார், பதினொண்ணு மென்னுட்டீங்களாமே" என்றும் சொன்னார். நான் எண்ணிக்கையைச் சொல்லவே இல்லை. நல்ல டாக்டர்களுக்கு நோயாளியின் குரலிலேயே எல்லாம் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

ஜூன் 27, செவ்வாய்

பிருந்தாவுக்கு இன்று முப்பது முடிந்தது. தெய்வானை பாயசம் வைத்தாள். 13.30 – 13.50.

என் மனசில் இருக்கும் ஒரே பாரத்தை இங்கே எழுதிவைக்கிறேன். ஏழு வரன் வந்து போயிற்று. ஏழும் நல்ல குடும்பம்தான். ஒவ்வொரு தடவையும் நானே முன்னால் உட்கார்ந்து, அவர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் பேசிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் குணத்தைப் பார்க்க வேண்டாமா? கேபிள் கதையைச் சொன்னால் ஆளின் தரம் தெரிந்துவிடும். கோயமுத்தூர்க்காரன் நாற்பதாவது நிமிடத்தில் எழுந்தான், வெள்ளம் அப்போதுதான் கரையைத் தொட்டிருந்தது. திருப்பூர்க்காரன் கழிவறைக்குப் போனவன் திரும்பவில்லை. ஏழு பேருக்கும் பொறுமை இல்லை. பொறுமை இல்லாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு நான் எப்படித் தூங்குவது?

ஆனாலும் முப்பது முடிந்துவிட்டது.

ஜூலை 2, ஞாயிறு

13.35 – 13.55: கோழிக் குழம்புக்குப் பின்.

மென்றுகொண்டிருந்தபோது தெய்வானையும் பிருந்தாவும் சேர்ந்து வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். பிருந்தா வேகமாகப் பேசினாள், ரயிலுக்கு நேரமானவள் மாதிரி. டாக்டர் முகிலன் வீட்டில் அவளைப் பெண் கேட்கிறார்களாம். அவருடைய அப்பா மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். நம் இனம்தான், ஜாதகம் பார்த்தாயிற்று, ஆறு பொருத்தம். வரும் ஞாயிறு வருகிறார்கள். ஆடி பிறப்பதற்குள் பார்த்துவிடுவது நல்லது. "உங்களுக்குச் சரிதானுங்களாப்பா? சரின்னா தலையாட்டுங்க."

டாக்டர் நல்லவர். என் பல்லைக் காப்பாற்றுகிறவர். தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் கேள்விகள் வந்தன. நான் ஒரு நோயாளியாகப் போன இடத்தில் என் பெண்ணை அவருக்கு எப்படித் தெரிந்தது? ஜாதகம் எப்போது போயிற்று? 13.55க்கு வாயைத் திறந்தேன். தெய்வானை ஒரு பலாச்சுளையை உள்ளே வைத்தாள்.

எல்லாம் சென்னிமலை முருகன் செயல் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 9, ஞாயிறு

வந்தார்கள். டாக்டர், அவர் அப்பா, அம்மா, பெரியப்பா. நான் புது வேட்டி கட்டி, கேபிள் கதையின் நல்ல பகுதிகளை மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்னால் உட்கார்ந்தேன்.

10.30 கேசரி. 10.50 போண்டா. 11.10 வாழைப்பழம். 11.30 அரை முறுக்கு. 11.50 மீதி அரை முறுக்கு. ஒன்றை மென்று முடிக்கும்போதே அடுத்தது வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நாற்பது நிமிடம் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

அதற்குள் அவர்கள் எல்லாவற்றையும் பேசிவிட்டார்கள். டாக்டரும் பிருந்தாவும் பால்கனியில் நின்று அரைமணி நேரம் பேசினார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். என் பெண் அவ்வளவு பேசுவாள் என்பது எனக்குத் தெரியாது.

போகும்போது மஞ்சள் மண்டிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி ரொம்ப அமைதியான மனுசருங்க. இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரப் பாக்க முடியாதுங்க."

தெய்வானைக்குப் புரையேறியது. ஆவணி மூன்றாம் நாள் நிச்சயம்.

ஜூலை 24, திங்கள்

பல் பரிசோதனை. சொத்தை பரவுவது நின்றுவிட்டது, ஈறும் கெட்டிப்பட்டிருக்கிறது. நான்கு பல்லும் தப்பிக்கும் என்றார் டாக்டர். "மாமா" என்று கூப்பிட்டார். கண்ணாடி வாய்க்குள் இருந்ததால் "மாப்ள" என்று சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

தெய்வானை கோயிலுக்குப் போயிருந்தாள். சூயிங்கம் தீர்ந்துவிட்டது என்று சமையலறை அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அப்படியே பிரதி எடுத்திருக்கிறேன்.

காலை 11.00 – கடலை உருண்டை (வசந்தாமணி அக்கா). தொட்டி கழுவும் ஆளிடம் அந்த நேரத்தில் பேசிக்கொள்ளலாம்.
மதியச் சாப்பாட்டுக்குப் பின் – அம்மா டி.வி. பார்க்கும் நேரம்.
மாலை 4.00 – பஜ்ஜி, ஒன்று.
அவசரத்துக்கு – பேரீச்சம்பழம். எல்லோரும் பையில் வைத்திருக்கவும்.
விருந்தாளி வந்தால் – முறுக்கு. முழுசாகக் கொடுக்க வேண்டாம். உடைத்து உடைத்துக் கொடுக்கவும்.
கேபிள் கதை தொடங்கினால் – கையில் எது இருந்தாலும்.

நான்கு பேரின் கையெழுத்து. தெய்வானை, பிருந்தா, வசந்தாமணி. கடைசியாக "ஒரு நாளைக்கு ஆறு மட்டும். வயிறு!" என்று ஒரு வரி. படிப்பதற்கே கால்மணி நேரம் பிடித்தது. டாக்டர் எழுத்து.

அப்படியா? சரி. தின்றால்தானே மெல்ல வேண்டும்? நாளை முதல் தின்ன மாட்டேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

06.00: உண்ணாவிரதம் தொடக்கம். பேச்சும் தொடக்கம்.

காப்பிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். இரண்டு மாதம் சேர்ந்துபோனது எல்லாம் வெளியே வந்தது. குழாய்களைப் பற்றி ஒரு மணிநேரம். சங்கத்தின் பதினொரு தீர்மானங்களுக்கும் தனித்தனியாக மறுப்பு, மாடிப்படியில் நின்று. வசந்தாமணி கடலை உருண்டையோடு கதவைத் திறந்தார், கையை உயர்த்தித் தடுத்தேன். காவலாளி பேரீச்சம்பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுகிற மாதிரி நின்றார். கேபிள் கதையை ஒரு வெட்டும் இல்லாமல், மேட்டூர் அணையின் கொள்ளளவு உட்பட, முழுசாகச் சொன்னேன். தெய்வானை சுவரோரம் உட்கார்ந்து கேட்டாள். இரண்டு மணிக்கு "ஏனுங், ஒரு வாய் சோறு" என்றாள். மாட்டேன் என்றேன்.

நான்கு மணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேசுகிறேன், சத்தம் வரவில்லை. பிறகு கூடம் சுற்றியது.

கண் விழித்தபோது பிருந்தா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், மாட்டுக்குப் பார்க்கிற மாதிரியே. அவள் மேலெல்லாம் மாட்டு மருந்து வாசனை. சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்தாள். டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ஏழு பேருப்பா" என்றாள்.

"எந்த ஏழு?"

"என்னையப் பாக்க வந்தவங்க. ஒருத்தரும் என்னைப் புடிக்கலைன்னு போகல. எங்கிட்ட ஒரு வார்த்த பேசியிருந்தாத்தான புடிக்கறதுக்கும் புடிக்காமப் போறதுக்கும்? வந்தாங்க, வெள்ளத்தக் கேட்டாங்க, ஓடிட்டாங்க."

"நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, கண்ணு."

"எப்பப்பா?"

முப்பத்தைந்து வருடம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவன் நான். ட்ரங்க் காலில் யார் பேசினாலும் மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் புகுந்து "மூணு நிமிஷம் ஆச்சு" என்று சொல்ல எங்களிடம் ஆள் இருந்தது. என் பேச்சின் நடுவில் வர வீட்டில் யாரும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்ட "எப்ப"வுக்கு என்னிடம் ஒரு தேதி இல்லை, ஒரு நேரம் இல்லை.

"முகிலன எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்" என்றாள். "உங்ககிட்டச் சொல்ல ரெண்டு வருசமா ஒரு எடைவெளி தேடுனேன். வைத்தியம் பொய்யில்லப்பா. பல்லு நெசமாவே போற நெலமைலதான் இருந்துச்சு. பேசக்கூடாதுன்னு அவரு சொல்லவே இல்ல. அது நீங்களாப் போட்ட சட்டம். நீங்க போடுவீங்கன்னு எனக்குத் தெரியும், அவ்வளவுதான். பட்டியல் எழுதுனது தப்புத்தான். எட்டாவதும் போயிருமோன்னு பயந்துட்டேன்ப்பா."

அழுதாள். ஆறு வயதுக்குப் பிறகு என் எதிரில் அழுததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கோபத்தைத் தேடினேன், அகப்படவில்லை.

18.10: ரசம் சாதம்.

18.25: சூயிங்கம். பிருந்தா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டருடைய நாய்க்கு வைத்தியம் பார்க்கப் போய்ப் பழகியது, அவர் இவளோடு மாட்டுச் சந்தைக்கு வந்து சாணியில் வழுக்கி விழுந்தது, எல்லாம். 18.45க்கு இருபது நிமிடம் முடிந்துவிட்டது. அவள் இன்னும் முடிக்கவில்லை. நான் மெல்லுவதை நிறுத்தவில்லை.

19.20 வரை மென்றேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

அலமாரிக் காகிதத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். பஜ்ஜி வரவில்லை. கேட்டு வாங்கித் தின்றேன்.

ஆகஸ்ட் 19, சனி

நாளை நிச்சயம். முழு நாளும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சட்டைப் பையில் ஆறு வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கீழ்த்தளக் கூடத்தில் நூறு பேர். இருபத்து நான்கு வீட்டாரும் வந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் நிச்சயம் என்றால் இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வது வழக்கம். 10.37க்கு மாற்றினோம். மாப்பிள்ளையின் பெரியப்பா சந்தோஷ மிகுதியில் ஒரு பிடி சர்க்கரையை அள்ளி என் வாயில் போட்டார். நேராகக் கீழ்வரிசையில். வாயைக் கொப்பளித்துவிட்டு 10.38க்குச் சூயிங்கம் போட்டுக்கொண்டேன். நான் போட்டிருந்த திட்டத்துக்கும் இது சௌகரியமாகவே இருந்தது. தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

10.40க்குப் பெரியப்பா கையை உயர்த்திக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். "நல்ல நேரம் பத்தே முக்காலோட முடியுதுங்க. பொண்ணப் பெத்தவரு வாயால உறுதி வார்த்த சொல்லிட்டாருன்னா தட்ட மாத்திக்கலாம்."

இதை நான் யோசிக்கவே இல்லை. உறுதி வார்த்தையைப் பெண்ணின் அப்பாதான் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது, வேறு யார் சொன்னாலும் செல்லாது.

நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. சூயிங்கம் முடியப் பதினெட்டு நிமிடம் இருந்தது.

பின்வரிசையில் எங்கள் அடுக்ககத்தார் அத்தனை பேரும் பைக்குள் கைவிட்டதைப் பார்த்தேன். நான் பேசத் தொடங்கிவிடுவேன் என்று பயந்து பேரீச்சம்பழத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் நான் ஏன் பேசவில்லை என்று பார்த்தார்கள். 10.41. முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது.

"என்னுங்க, பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டமில்லீங்களா?" என்றார் பெரியப்பா. மஞ்சள் மண்டிக்காரரின் முகம் சுருங்கிவிட்டது.

"மாமா, மென்னுட்டே சொல்லலாமுங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார். "பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுங்க!"

பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஏலக்காய்க்காக மெமோ வாங்கியவள் எங்கேயோ இருக்கிறாள். அவளை விடுங்கள், என் பெண்ணின் வாழ்க்கைக்கான வார்த்தையை நான் வாயில் எதையோ அதக்கிக்கொண்டா சொல்வது? விழுங்கிவிடலாம் என்று பார்த்தேன், தொண்டை மறுத்தது. எடுத்துப் போடக் கை இல்லை, தட்டைக் கீழே வைக்கக்கூடாது. தெய்வானை "ஏனுங்" என்று மட்டும் சொன்னாள். எட்டாவதும் போகப் போகிறது, இந்தத் தடவை நான் பேசாததால் போகப் போகிறது என்று தெரிந்தது.

பிருந்தா மணைப் பலகையிலிருந்து எழுந்து வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. எனக்கு எதிரில் நின்று, மருதாணி வைத்த உள்ளங்கையை என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"துப்புங்கப்பா" என்றாள்.

துப்பினேன்.

10.42: "எம்பொண்ண உங்க வீட்டுக்குக் குடுக்கறேனுங்க. முழு சம்மதமுங்க. அவ பேசறத நீங்களாவது கேளுங்க."

மொத்தம் ஒன்பது விநாடி இருக்கும். தட்டை நீட்டினேன், பெரியப்பா வாங்கிக்கொண்டார். எங்கள் ஆட்கள் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்காமல் மீதிக்காகக் காத்திருந்தார்கள். மீதி இல்லை. நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிருந்தா கையை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். "அவ்வளவுதானுங்களாப்பா?" என்று கேட்டாள். கண் நிறைந்திருந்தது. மேளம் தொடங்கிவிட்டது.

10.43 – 11.03: மென்றேன். வாயில் எதுவும் இல்லை.